கடைசிக் கால் சுற்று

மஞ்சள் கோடு நகர்ந்திருந்தது.

அதிகமில்லை, ஒரு விரல் அகலம். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கோட்டைப் போட்டவனே அவன்தான். பெயின்ட் இன்னும் காயக்கூட இல்லை. போல்ட்டின் தலையில் பிரஷ்ஷை வைத்து, அப்படியே பெல்ட்டைச் சுற்றுகிற சக்கரமான புல்லியின் முகத்துக்கு இழுத்து, நேராக மேலே பார்க்கிற மாதிரி ஒரே கோடு. பிரஷ்ஷை மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டுவிட்டு, சோப்புத் தூளால் கையைத் தேய்த்துக் கழுவி, பழந்துணியில் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தான். பானெட்டுக்குள் விட்டுவந்த டார்ச்சை எடுக்கக் குனிந்தபோது கோடு வலது பக்கமாகச் சாய்ந்திருந்தது.

டார்ச்சை அவன் எடுக்கவில்லை.

எஞ்சின் ஓடவில்லை, ஓடவும் முடியாது. பேட்டரி வயர் கழற்றி மடக்கி வைத்திருந்தது. சாவி சுவரில் ஆணியில் தொங்கியது. வண்டி கியரில் நின்றது, ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. அப்படி நிற்கிற எஞ்சினின் கிராங்க் தண்டை யாரும் சும்மா தொட்டுத் திருப்பிவிட முடியாது. நீளக் குழாயை மாட்டித் தொங்கினாலும் வண்டிதான் முன்னே போகுமே தவிர, தண்டு தனியாகச் சுற்றாது.

பெயின்ட் வழிந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வழிகிற பெயின்ட் கீழே வழியும், வலது பக்கம் சாயாது என்பது அவனுக்கே தெரிந்திருந்தது.

மதிய நேரம்தான். ஆனால் காலையிலிருந்து விடாமல் கொட்டுகிற மழையில் வெளிச்சம் செத்துப் போயிருந்தது. கரண்டும் இல்லை. சாரல் உள்ளே அடிக்காமல் இருக்க ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான். அதன் அடியில் தெரிந்த தெருவில் செம்மண் தண்ணீர் நுரைத்து ஓடியது. தகரக் கூரையில் மழை விழுகிற ஓசைக்கு அடியில், பழைய ஆயிலும் ஈரச் சாக்கும் ரப்பரும் கலந்த அந்த ஷெட்டின் வாசனை வழக்கத்தைவிடக் கனமாக, மூக்கில் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

எதிர்க்கடையிலிருந்து குரல் வந்தது. டயர்க்காரர். மழைநாளில் வேலை இல்லாவிட்டால் அவருக்கு வாய்க்குத்தான் வேலை.

"என்ன பெரியவரே! வீட்ல விருந்துன்னு சின்னவரு ஓட்டமா ஓடுறாரு. உங்கள ஷெட்டுக்குக் காவல் வச்சுட்டாங்களா?"

"வேலை இருக்குய்யா."

"இருக்கும் இருக்கும். டாக்டர் ஆபரேஷன் முடிச்சுட்டுப் போயிட்டாரு. கழுவித் துடைக்க ஆள் வேணுமில்ல?"

டயர்க்காரர் சிரித்தார். அவனும் சிரித்தான். சிரித்து முடித்ததும் பல் கூசியது.

டாக்டர் என்றால் அவனுடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவன். ஷெட் மாமனாருடையது. மூத்த மாப்பிள்ளை என்று முதலில் உள்ளே நுழைந்தவன் அவன்தான். ராத்திரி பகல் பார்க்காமல் அங்கேயே கிடந்து உழைத்து, மாமனாருக்கு முட்டி வலி வந்தபோது முழு ஷெட்டையும் தோளில் தூக்கிச் சுமந்தவன். பிறகு கொழுந்தியாளுக்குக் கல்யாணம் ஆனது. புது மாப்பிள்ளை ஒருநாள் சும்மா வேடிக்கை பார்க்க வந்தான். மூலையில் கிடந்த ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முனையை எஞ்சினிலும் கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பிலும் வைத்துக் கேட்டு, "மாமா, ரெண்டாவது சிலிண்டர்ல ஏதோ முனகுது" என்றான். பிரித்துப் பார்த்தார்கள். முனகத்தான் செய்தது.

அன்றிலிருந்து சகலைதான் டாக்டர். மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. வாடிக்கையாளர்கள் வாசலில் நின்றுகொண்டே "சின்னவர் இல்லையா?" என்பார்கள், அவன் நடுக்கூடத்தில் நிற்கும்போதே. அவனுடைய மனைவிகூட, "தங்கச்சி வீட்டுக்காரர் எவ்ளோ பொறுமையா பேசுறாரு பாருங்க" என்பாள். மகள் இருக்கிறாளே, குட்டி, அவளுக்கு சித்தப்பா என்றால் போதும், அப்பா கையை உதறிவிட்டு ஓடுவாள். அதிலும் கொடுமை, சகலையிடம் குறை சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை. மனுஷன் வாய் நிறைய "அண்ணா அண்ணா" என்றான். அந்த 'அண்ணா'வைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அவனுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

இந்த வண்டி வக்கீலுடையது. மலைமேல் வீடு. அட்டைப்பெட்டியில் ஒரு புதுப் புல்லியை வைத்துக்கொண்டு வந்து நின்றார். வண்டியோடு வந்தது அல்ல, வேறு கம்பெனி செய்து தனியாக விற்பது. எடை குறைவு, பளபளவென்று வெள்ளிக் கிண்ணம் மாதிரி இருந்தது.

"இதைப் போட்டா வண்டி ஏத்தத்துல பூனை மாதிரி ஏறும்னு சொல்றான். ஆனா சின்னவர் கையால போட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்றார். பிறகு அவன் பக்கம் திரும்பி, "பெரியவர் தப்பா எடுத்துக்காதீங்க."

"ச்சே, இதுல என்ன சார்" என்றான் அவன். சொன்ன வாயைத் துடைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

இன்று காலை சகலை அந்த வேலையைச் செய்தான். அவன் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான். பார்க்கப் பார்க்க எரிந்தது, ஏனென்றால் எங்கேயும் பிசகவில்லை. பழைய புல்லியை நெம்பாமல், புல்லர் மாட்டிப் பதமாக இழுத்தான். தண்டின் மூக்கை மெல்லிய எமரித் தாளால் துடைத்து, விரல் நுனியால் தடவிப் பார்த்தான். புல்லியும் தண்டும் ஒன்றைவிட்டு ஒன்று நழுவாமல் பிடித்துக்கொள்கிற அந்தச் சின்ன இரும்புக் கட்டை தன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணை மூடித் தொட்டுத் தெரிந்துகொண்டான். ஆயில் சீலின் உதட்டில் ஒரு சொட்டு எண்ணெய் தடவினான். புதுப் புல்லியைச் சுத்தியலால் தட்டி ஏற்றவில்லை. மரை வெட்டிய கம்பியைச் செருகி, நட்டைத் திருகித் திருகி, குழந்தைக்குச் சட்டை போடுகிற மாதிரி உள்ளே ஏற்றினான். பழைய போல்ட்டைக் கீழே போட்டுவிட்டுப் புதுசை எடுத்தான். எஞ்சின் சுற்றாமல் இருக்கப் பூட்டுக் கட்டையைப் போட்டு, டார்க் ரெஞ்ச், அளவு எட்டியதும், 'டக்' என்று சொல்கிற வரை இறுக்கினான். பெல்ட்டை மாட்டினான்.

அங்கே நிறுத்தினான்.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. உயிர் தொங்குகிற போல்ட் எதையும் ஒரே ஆள் முடிக்கக் கூடாது. ஒருவன் மாட்டுவான், 'டக்' கேட்ட பிறகு போட வேண்டிய கடைசிக் கால் சுற்றை இன்னொருவன் போடுவான், போட்ட கையோடு மஞ்சள் கோட்டையும் அவனே இழுப்பான். மாமனார் ஆரம்பித்து வைத்தது. அந்தக் கால் சுற்றில்தான் எல்லாம் இருக்கிறது. அதில்தான் போல்ட் நூலிழை நீண்டு, ஸ்பிரிங் மாதிரி புல்லியைக் கவ்விக்கொள்ளும். அது இல்லாத போல்ட் பார்க்க இறுகித்தான் இருக்கும். ஓட ஓட, நடுங்க நடுங்க, கழலும்.

"கடைசி சுத்து உங்களுது அண்ணா" என்றான் சகலை, கையைத் துடைத்துக்கொண்டே. "போட்டுட்டு கோடு இழுத்துடுங்க. சாப்பிட வந்துருங்க, மாமா இன்னிக்கு எல்லாரையும் வச்சு ஏதோ பேசணும்னாரு. நான் சாப்பிட்டு முடிச்சதும் வண்டிய அப்படியே மலைமேல கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன்."

மாமா பேசப்போவது என்னவென்று ஊருக்கே தெரியும். ஷெட்டை இனி யார் பார்த்துக்கொள்வது என்பதுதான். அதை உட்கார்ந்து கேட்க மனமில்லாமல்தான் அவன் சாப்பாட்டுக்குப் போகவில்லை.

சகலை போனதும் நீளக் கம்பியைப் போல்ட்டில் மாட்டினான். உடம்பின் எடையை அதில் போட்டான். வக்கீலின் குரல் காதுக்குள் வந்தது: சின்னவர் கையால.

கம்பியை எடுத்துவிட்டான். பூட்டுக் கட்டையையும் கழற்றினான். கோட்டை மட்டும் இழுத்தான்.

அவ்வளவுதான். யாரையும் கொல்லவா போகிறான்? கொஞ்ச நாளில் புல்லி தடதடக்கும். வக்கீல் வந்து குதிப்பார். சின்னவர் கை, சின்னவர் கை என்று தூக்கிவைத்து ஆடுகிறவர்கள் கொஞ்சம் இறக்கி வைப்பார்கள். பெல்ட் நழுவினால், அதன் பலத்தில் இலகுவாகத் திரும்புகிற ஸ்டியரிங் கல்லாகிவிடும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. மலைப்பாதையில் ஒரு பக்கம் பள்ளம் என்பதும் தெரியும். அதையெல்லாம் அவன் நினைக்கவில்லை. நினைக்காமல் இருப்பதற்காகத்தான் கையை அவ்வளவு நேரம் தேய்த்துக் கழுவினான்.

இப்போது அந்தக் கோடு சாய்ந்து நிற்கிறது.

மறுபடி குனிந்தான். எஞ்சினிலிருந்து மெல்லிய வெப்பம் முகத்தில் அடித்தது. காலையிலிருந்து ஓடாத எஞ்சின்.

சகலையின் நீள ஸ்க்ரூடிரைவர் மேஜைமேல் கிடந்தது. இத்தனை நாளில் அவன் அதை ஒருமுறையும் தொட்டதில்லை. தொட்டால் தோற்றுவிட்ட மாதிரி. இன்று பார்க்க யாருமில்லை. எடுத்தான். கைப்பிடி மரம், சகலையின் காது உரசி உரசி வழவழவென்றிருந்தது. முனையைப் போல்ட்டின் தலையில் வைத்தான். கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் அழுத்தினான்.

தண்ணீர்.

முதலில் மழை என்றுதான் நினைத்தான். இல்லை. குழாயில் விழுகிற தண்ணீர். பாத்திரம் ஒன்றோடொன்று இடிக்கிற ஓசை. நாற்காலி இழுபடுகிற ஓசை. பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, மாமியாரின் குரல்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க மாப்பிள்ளை. என்ன, கோழி கொத்துற மாதிரி சாப்பிடுறீங்க."

ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று எடுத்தான். மழை. தகரம். வேறொன்றும் இல்லை.

மாமனார் வீடு இங்கிருந்து இரண்டு தெரு தள்ளி.

ஓடிப்போயிருக்க வேண்டும். அந்த இடத்திலேயே அதைக் கீழே போட்டுவிட்டு, ஷட்டருக்கு அடியில் புகுந்து, நனைந்துகொண்டே ஓடியிருக்க வேண்டும். முதுகில் ஈரத்துணி போட்ட மாதிரி பயம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பெரியது ஒன்று அவனுக்குள் இருந்தது. நான் இல்லாதபோது என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள்?

மறுபடி வைத்தான்.

"...ஷெட் சாவிய இனிமே ஒருத்தர் கையில குடுத்துடலாம்னு பாக்குறேன்" என்றது மாமனாரின் குரல். செருமல். "எனக்கும் முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குது. ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான். ஆனா வர்றவங்க கேக்குறது யாரைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"மாமா, அண்ணா இருக்கும்போது எனக்கெதுக்கு?" சகலை. "அவருக்குத்தான் குடுக்கணும். நான் அவர்கிட்ட கத்துக்கிட்டவன்."

"நடிக்கிறான்" என்று பல்லைக் கடித்தான் அவன். "எப்படி நடிக்கிறான் பாரு."

வயிற்றில் எரிந்தது நெஞ்சுக்கு ஏறியது. அந்த நொடியில் கைப்பிடி அவன் காதெலும்பில் அசைந்தது. அவன் அசைக்கவில்லை. தானாக, மெதுவாக, வலது பக்கமாக, சாவி பூட்டுக்குள் திரும்புகிற மாதிரி. கீழே பார்த்தான். போல்ட் திரும்பிக்கொண்டிருந்தது. போல்ட்டோடு புல்லி. புல்லியோடு தண்டு. எஞ்சினுக்குள் எங்கோ ஒரு வால்வு மூச்சுவிடுகிற மாதிரி திறந்து மூடியது.

நின்றது.

கோடு இப்போது நன்றாகச் சாய்ந்திருந்தது. அவன் போடாமல் விட்ட கால் சுற்றில் பாதி.

காதை எடுக்கவில்லை.

"சித்தப்பா, சித்தப்பா! நானும் வண்டில வரேன். மலைக்கு நானும் வரேன்." குட்டி.

"அப்பாகிட்ட கேளுடா. அப்பா சரின்னா எனக்கும் சரி."

அந்த வண்டியிலா? "வேண்டாம்" என்றான், எஞ்சினைப் பார்த்து. "குட்டி, வேண்டாம்."

"போலாம்டா, அதுக்கென்ன" என்றது ஒரு குரல். "நானும் வரேன். மூணு பேரும் போயிட்டு வருவோம்."

குட்டி கைதட்டிக் குதித்தாள். யாரோ சிரித்தார்கள். மாமியார் ஏதோ சொன்னார்.

அவன் காதில் எதுவும் விழவில்லை. அந்தக் குரலே நின்றது. கொஞ்சம் கரகரப்பு. கடைசி வார்த்தையை இழுக்கிற பழக்கம்.

அது அவனுடைய குரல்.

போனை எடுத்தான். ஈரக் கைக்கு நம்பர் அழுந்தவில்லை. துடைத்தான். மனைவியைக் கூப்பிட்டான்.

"என்னங்க இது?" மனைவி சிரித்துக்கொண்டே எடுத்தாள். "கை கழுவப் போன மனுஷன் வாஷ்பேசின் பக்கத்துல நின்னுக்கிட்டு போன் பண்றீங்களா?"

"நான்... நான் ஷெட்ல இருக்கேன்."

"ஆமா ஆமா. முதுகு எனக்கு நல்லாத் தெரியுது." குரலைத் தாழ்த்தினாள். அப்படி அவள் அவனிடம் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. "இன்னிக்கு நீங்க பேசினது எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? இப்படியே இருங்க. சரி, வாங்க, ஆறிப்போகுது."

"கேளு, அது நான் இல்ல! குட்டிய அந்த வண்டில..."

போனை வைத்துவிட்டாள். மறுபடி அடித்தான். மணி போகவில்லை. திரை இருட்டாக, செங்கல் மாதிரி கையில் கனத்தது.

வெளியே போ. ஓடு.

இல்லை. முதலில் போல்ட். வந்தது பேயோ, பிசாசோ, தலை சுற்றலோ, எதுவாகவும் இருக்கட்டும். குட்டி இந்த வண்டியில் ஏறப்போகிறாள். கால் சுற்று. இரண்டு நிமிட வேலை. அதைப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

பூட்டுக் கட்டையைத் தேடி எடுத்துப் போட்டான். நீளக் கம்பியைப் போல்ட்டில் மாட்டினான். காலை அகல ஊன்றினான். மூச்சை இழுத்தான். செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. ஒரு இழுப்பு, அவ்வளவுதான்.

ஸ்க்ரூடிரைவர் ரேடியேட்டர்மேல் கிடந்தது.

ஒரே ஒரு தடவை. மாமா சாவியை யாரிடம் கொடுத்தார் என்று மட்டும். கேட்டுவிட்டு இழுத்துவிடலாம். இழுக்கத்தானே போகிறேன்.

கம்பியை எடுத்துக் கீழே வைத்தான். முனை போல்ட்டில். கைப்பிடி காதில்.

"மாமா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?" அவனுடைய குரல். நிதானமாக. அவனுக்கு ஒருநாளும் வாய்க்காத நிதானம். "சாவிய சின்னவர்கிட்டயே குடுங்க. அவர் கை அப்படி. எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. வேலை யார்கிட்ட நல்லா வருதோ அவர்தான் பாக்கணும்."

மாமனார் மூக்கை உறிஞ்சுகிற ஓசை. அழுகிறார். "மாப்பிள்ளை... நீங்கதான் மாப்பிள்ளை எனக்கு மூத்த மகன்."

மூத்த மகன்.

இத்தனை வருஷம் முதுகொடிய உழைத்து, அவன் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அதை அவன் கேட்டுவிட்டான், வேறொருவனுக்குச் சொல்லப்பட்டு.

மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். சகலை "அண்ணா" என்றான். குட்டி "என் அப்பா" என்றாள். "என் அப்பா, என் அப்பா." அந்தக் கழுத்தை அவள் கட்டிக்கொள்கிற ஓசைகூடக் கேட்டது. துணி உரசுகிற ஓசை. கன்னத்தில் முத்தம்.

சகலைமேல் இருந்த எரிச்சலெல்லாம் இதற்கு முன் தீக்குச்சி. இவன் யார்? என் குரலை வைத்துக்கொண்டு, என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் தட்டில் கை வைத்துக்கொண்டு! எனக்குக் கிடைக்காததையெல்லாம், என் முகத்தைக் காட்டி வாங்கிக்கொள்கிறவன் யார்?

கீழே கிடந்த கம்பியை எடுத்தான். போல்ட்டில் மாட்டவில்லை. சுவரைப் பார்த்து வீசினான். முழுப் பலத்தோடு. டப்பாக்கள் சரிந்தன. எஞ்சினைப் பிடித்திருந்த பூட்டுக் கட்டையும் தெறித்து விழுந்தது.

மறுபடி காதில் வைத்த கைப்பிடி திரும்பியது.

மெதுவாக. வலதாக. நிற்காமல்.

கோடு படுத்தது. முழுக் கால் சுற்று.

பிறகு எஞ்சின் குளிர்ந்துவிட்டது. அந்த வெப்பம், அணைத்த அடுப்பு மாதிரி, சட்டென்று போனது. குனிந்து போல்ட்டைத் தொட்டான். அது இறுகியிருக்கவில்லை. தண்டுதான் திரும்பியிருந்தது, போல்ட் அதோடு சேர்ந்து போயிருந்தது. கோடு உடையாமல், ஒரே நேராக, கிடந்த நிலையில் மின்னியது. போல்ட் மட்டும் அவன் விட்டபடியே இருந்தது.

ஷட்டருக்கு ஓடினான். "அண்ணே!" என்று எதிர்க்கடையைப் பார்த்துக் கத்தினான். "டயர்க்காரரே!"

டயர்க்காரர் நேராகப் பார்த்தார். அவனைத் தாண்டிப் பார்த்தார். கொட்டாவி விட்டார்.

மழை அவன்மேல் விழவில்லை.

எப்போது திரும்பி எஞ்சினிடம் வந்தான் என்று தெரியவில்லை. காலடி ஓசை கேட்டபோது பானெட்டுக்குள் குனிந்துதான் நின்றிருந்தான். கைப்பிடி காதில். எடுக்கப் பார்த்தான். வரவில்லை. வலியும் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

ஷட்டர் சடசடவென்று மேலே ஏறியது.

குடையை மடக்கிக்கொண்டு சகலை வந்தான். பின்னால் குட்டி, மஞ்சள் மழைக்கோட்டில். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவன்.

அதே சட்டை. அதே முன் வழுக்கை. இடது கட்டைவிரலில் அதே நசுங்கிய நகம். ஆனால் புருவத்துக்கு நடுவே அந்த முடிச்சு இல்லை. கண்ணுக்குக் கீழே அந்தக் கறுப்பு இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவனின் முகம். யாரைப் பார்த்தும் எதற்கும் எரியாதவனின் முகம்.

"வாய்யா, என்ன ரெண்டு மாப்பிள்ளையும் ஜோடியா!" என்றார் டயர்க்காரர் எதிரிலிருந்து.

"கண்ணு போடாதய்யா" என்றான் அந்த முகக்காரன், சிரித்தபடி. பல் கூசாத சிரிப்பு.

சகலை பேட்டரி வயரை மாட்டினான். சகலையின் முழங்கை, குனிந்து நின்ற அவன் மார்புக்குள் புகுந்து வெளியே போனது. "கடைசி சுத்து போட்டாச்சுல்ல அண்ணா?"

"போட்டேனே" என்றான் மற்றவன்.

பொய் சொல்லவில்லை. அதுதான் அவனை உறைய வைத்தது. அந்தக் கண்களில் பொய் இல்லை. போடாமல் விட்டது வேறொருவன். இந்த ஆள் அப்படிச் செய்கிறவனே இல்லை. இவன் நினைவில் அந்தக் கம்பி திரும்பியிருந்தது, போல்ட் கவ்வியிருந்தது.

"போடல!" என்று அவன் கத்தினான். "போடலடா! நான் போடல! கழலும்! குட்டிய ஏத்தாத!"

சகலையின் கை பானெட்டின் விளிம்பில் நின்றது.

தலையைச் சாய்த்தான். காது. ஊரே மெச்சிய காது. அவன் ஒருநாளும் மெச்சாத காது. சகலையின் முகம் எஞ்சினை நோக்கித் தாழ்ந்தது. அவன் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில். மூச்சு படுகிற தூரம்.

"அண்ணா... உள்ள ஏதோ..."

"ஆமா!" அவன் அலறினான். "ஆமா, நல்லா கேளு! சகலை, கேளு! உன் காதுக்குத்தான் கேக்கும்! கேளு சாமி!"

ஹார்ன் அடித்தது. குட்டி, முன் சீட்டிலிருந்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு. "சித்தப்பா வாங்க! டைம் ஆச்சு!"

சகலை சிரித்துவிட்டான். "இந்த வாலு..." என்று தலையை ஆட்டிக்கொண்டு, டார்ச்சை அடித்துக் கோட்டைப் பார்த்தான். உடையாத கோடு. "அண்ணா போட்டா அப்புறம் என்ன" என்றான்.

பானெட் இறங்கியது. அவன் கைகளின் வழியாக. கழுத்தின் வழியாக. 'டப்' என்று மூடியது.

எஞ்சின் பிடித்தது. சீராக. அழகாக. பூனை மாதிரி.

வண்டி அவனுக்குள்ளிருந்து பின்னால் நகர்ந்து, வாசலைத் தாண்டி, மழையில் திரும்பியது. பின் கண்ணாடியில் ஒரு கை தெரிந்தது, நசுங்கிய நகத்தோடு, சீட்டின் மேல்புறத்தைப் பிடித்தபடி. முன்னால் ஒரு மஞ்சள் தொப்பி குதித்துக்கொண்டிருந்தது. தெருமுனை. வண்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு. பிறகு இல்லை.

ஷெட் காலி.

வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஆயில். அதன்மேல் அவன் இன்னும் குனிந்தே நின்றிருந்தான். நிமிர முடியவில்லை. ஸ்க்ரூடிரைவர் காதிலிருந்து நீண்டு, எதன்மேலும் படாமல், காற்றில் ஊன்றி நின்றது.

அதில் கேட்டது. ஏற்றத்தில் எஞ்சின் இறைக்கிற ஓசை. வைப்பர். குட்டி ஏதோ பாட, மற்றவன் கூடவே பாட, சகலை ஸ்டியரிங்கில் தாளம் போட, மூன்று பேரும் சிரிக்கிற ஓசை. பிறகு பாட்டை நிறுத்திவிட்டுக் குட்டி கேட்டாள்.

"அப்பா, முன்னாடி யாரோ அழுற மாதிரி இல்ல?"

"எங்கடா?" என்றது அவனுடைய குரல், அன்பாக, அவளுக்காக உண்மையிலேயே காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு. "எனக்கு ஒண்ணும் கேக்கலையே, குட்டி."

அவன் காதெலும்பில் கைப்பிடி அசைந்தது.

மெதுவாக.

கழல்கிற பக்கமாக.